பல்கலைக்கழக வளாகத்துக்கு நெட்வொர்க் கேபிள் திட்டமிடல்

ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் நெட்வொர்க்கில் உள்ள பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. மண்ணில் பதிக்கும் குழாயும் கட்டடத்தில் ஒதுக்கும் அறையும் 30 ஆண்டுக்கு மேல் நிற்கும். குழாய்க்குள் போகும் ஒளியிழைக் கேபிள் 20, 25 ஆண்டு உழைக்கும். சுவரோரம் ஓடும் செப்புக் கேபிள் 10 முதல் 15 ஆண்டு வரை போதுமானதாக இருக்கும். ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் போன்ற கருவிகள் 5 முதல் 7 ஆண்டுக்குள் பழையதாகிவிடும். திட்டமிடும்போது இந்த ஆயுள் வரிசையைப் பின்பற்ற வேண்டும். முதலில் பாதையும் அறையும், அடுத்து ஒளியிழை, பிறகு செப்பு, கடைசியில் கருவிகள்.

நடைமுறையில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. நிதி ஒதுக்கீடு கருவி வாங்கும் தலைப்பில் வருவதால், ஸ்விட்சுகள் முதலில் வந்து இறங்குகின்றன. அவற்றை வைக்க மாடிப்படிக்கு அடியில் இடம் தேடப்படுகிறது. கேபிள் மரத்துக்கு மரம் தொங்குகிறது. அப்படி அமைந்த வளாகத்தில் ஒவ்வொரு விரிவாக்கமும் முதலிலிருந்து தொடங்கும் வேலையாகிவிடும். பாதையும் அறையும் சரியாக அமைந்த வளாகத்திலோ, எந்தப் புதிய தொழில்நுட்பம் வந்தாலும் பழைய கேபிளை உருவிப் புதியதை இழுத்தால் போதும்.

மாணவர்கள் எல்லாரும் செல்போனிலும் மடிக்கணினியிலும் வைஃபை வழியே இணையும் காலத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் ஒரு கேபிளின் முனையில்தான் தொங்குகிறது. தரவும் மின்சாரமும் அந்தக் கேபிள் வழியாகவே அதற்குப் போகின்றன.

1. கணக்கெடுப்பு

திட்டத்தின் முதல் ஆவணம் வளாக வரைபடம். அதில் ஒவ்வொரு கட்டடத்தின் தளங்கள், பரப்பு, பயன்பாடு, வழக்கமாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அடுத்த 10 ஆண்டில் எழுப்பத் திட்டமிட்டுள்ள கட்டடங்களும் அதே வரைபடத்தில் இடம்பெற வேண்டும். காலி மனையாக இருக்கும் இடத்துக்கு இன்றே ஒரு குழாய் கொண்டுபோய் நிறுத்துவது, நாளை சாலையை உடைப்பதைவிட மிகவும் மலிவு.

இரண்டாவது வேலை, நிலத்துக்கடியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அறிவது. மின் கேபிள், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால் ஆகியவற்றின் பழைய வரைபடங்கள் பெரும்பாலான வளாகங்களில் முழுமையாக இருப்பதில்லை. பல ஆண்டுகளாகப் பணியாற்றும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சொல்லும் தகவல்களைக் கேட்டு வரைபடத்தில் ஏற்றுவது பயனுள்ள முறை. சந்தேகமான இடங்களில் கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். நிலத்தடி ரேடார் கருவியையும் வாடகைக்கு எடுக்கலாம்.

மூன்றாவது, இணைப்பு தேவைப்படும் பொருள்களின் பட்டியல். கணினியும் ஆக்சஸ் பாயின்ட்டும் மட்டும் கணக்கில் வந்தால் பட்டியல் பாதியில் நிற்கும். சிசிடிவி கேமரா, விரல்ரேகை வருகைப் பதிவு, ஐபி தொலைபேசி, வகுப்பறைப் புரொஜெக்டர், டிஜிட்டல் பலகை, சூரிய மின் இன்வெர்ட்டர், தண்ணீர்த் தொட்டி அளவி, நூலக வாயில் என்று ஒவ்வொன்றும் ஒரு முனை கேட்கும். கணினிவழி நுழைவுத் தேர்வுகள் நடக்கும் கூடங்களில் மேசைக்கு ஒரு கம்பி முனை கட்டாயம் தேவை. நூற்றுக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் விடை அனுப்பும் தேர்வை வைஃபையை நம்பி நடத்துவது ஆபத்து.

2. வடிவம்: மூன்று அடுக்கு

ஐஎஸ்ஓ/ஐஇசி 11801, டிஐஏ-568 ஆகிய தரநிலைகள் கேபிள் அமைப்பை மூன்று அடுக்காகப் பிரிக்கின்றன. வளாகத்துக்கு ஒரு முதன்மை அறை. கட்டடத்துக்கு ஒரு கட்டட அறை. தேவைக்கேற்பத் தளத்துக்கு ஒரு தள அறை. முதன்மை அறையிலிருந்து கட்டட அறைகளுக்கும், அங்கிருந்து தள அறைகளுக்கும் ஒளியிழை செல்லும். தள அறையிலிருந்து மேசைக்கும் மேற்கூரைக்கும் செப்புக் கேபிள் செல்லும். ஒவ்வொரு கேபிளும் மேல் அடுக்கிலிருந்து நேராக வருகிறது. ஒரு துறையின் ஸ்விட்சிலிருந்து பக்கத்துத் துறைக்கு இழுத்து, அங்கிருந்து அடுத்ததற்கு இழுப்பது இதில் இல்லை. அப்படிச் சங்கிலியாக இழுத்தால், நடுவில் ஒரு துறையில் மின்சாரம் போனதும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாத் துறைகளும் துண்டிக்கப்படும்.

இணைப்பின் வடிவம் நட்சத்திரமாக இருந்தாலும், குழாய்ப் பாதை வளையமாக இருப்பது நல்லது. முதன்மை அறையை இரண்டாக்கி, வளாகத்தின் எதிரெதிர் ஓரங்களில் இரண்டு மைய அறைகளாக வைத்து, ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் ஒரு ஒளியிழை வளையத்தின் வலப்பக்கமாக முதல் மையத்துக்கும், இன்னொன்று இடப்பக்கமாக இரண்டாம் மையத்துக்கும் போகும்படி அமைக்கலாம். பொக்லைன் இயந்திரம் ஒரு பக்கத்தை அறுத்தாலும் மறுபக்கம் வேலை செய்யும். இரண்டு இழைகளையும் ஒரே குழாயில் போட்டுவிட்டு மாற்றுப் பாதை இருக்கிறது என்று எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும்.

வெளியிலிருந்து வரும் இணைப்புக்கும் இதே விதி பொருந்தும். இந்தியாவில் உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அரசு 2010 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. இலங்கையில் பல்கலைக்கழகங்களை லேர்ன் வலையமைப்பு இணைக்கிறது. இத்தகைய கல்வி வலையமைப்பின் இணைப்பு ஒரு சாலை வழியே வந்தால், தனியார் நிறுவனத்தின் மாற்று இணைப்பு வேறொரு சாலை வழியே, வேறொரு வாயிலில் நுழைய வேண்டும்.

3. குழாய்ப் பாதை

கட்டடங்களுக்கு இடையே கேபிள் மண்ணுக்கடியில் செல்ல வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களிலும் சாய்த்த மரங்களும் கம்பங்களும், தொங்கும் கேபிளை நம்ப முடியாது என்பதற்குப் போதிய சான்று. அணிலும் குரங்கும் கடிப்பது, வெயிலில் மேலுறை வெடிப்பது ஆகியவை புயல் இல்லாத நாளிலும் நடப்பவை.

குழாயாக 40 மில்லிமீட்டர் எச்டிபிஇ குழாய்களோ, 110 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் நெளிகுழாயும் அதனுள் சிறு குழாய்களுமோ பயன்படுகின்றன. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை பொதுச் சாலையோரத்தில் ஒளியிழைக்கு 1.65 மீட்டர் ஆழம் கேட்கிறது. வளாகத்துக்குள் 1 மீட்டர் ஆழம் பொதுவாகப் போதும். கனரக வண்டி கடக்கும் இடத்தில் கான்கிரீட் உறை வேண்டும். குழாயின் அடியிலும் மேலும் மணல் பரப்பி, சுமார் 30 சென்டிமீட்டர் மேலே எச்சரிக்கை நாடாவைப் பதித்து மூட வேண்டும். மீண்டும் தோண்டுகிறவரின் மண்வெட்டியில் முதலில் நாடா தட்டுப்படும். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்புடையது. அங்கே மணற்படுகையைக் கூடுதல் தடிமனில் போட வேண்டும்.

குழாய்களின் எண்ணிக்கையில் சிக்கனம் காட்டக் கூடாது. செலவில் பெரும்பகுதி பள்ளம் தோண்டி மூடி, சாலையைச் சீர்படுத்துவதில் போகிறது. கூடுதல் குழாயின் விலை அதற்கு முன் சிறியது. முதன்மைப் பாதையில் குறைந்தது 4 குழாய்கள், கட்டடக் கிளைப் பாதையில் குறைந்தது 2 என்பது நல்ல அளவு. அவற்றில் ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும். பழைய கேபிளை உருவும் முன் புதியதை இழுக்க அந்தக் காலிக் குழாய்தான் இடம் தரும். ஒவ்வொரு காலிக் குழாயிலும் இழுவைக் கயிறு விட்டு, இரு முனையையும் அடைப்பான் போட்டு மூட வேண்டும். திறந்து விட்ட குழாயில் எலி, எறும்பு, சேறு ஆகியவை குடியேறிவிடும்.

வளைவு, கிளை பிரியும் இடம், நீண்ட நேர்ப்பாதையில் சுமார் 100 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் கேபிள் தொட்டி கட்ட வேண்டும். இரண்டு தொட்டிகளுக்கு இடையே 90 பாகை வளைவுகள் இரண்டுக்கு மேல் இருந்தால் கேபிளை இழுப்பது கடினம். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டு நீர் வடிய வழி விட வேண்டும். முக்கியத் தொட்டிகளில் 10 முதல் 15 மீட்டர் கேபிளைச் சுருளாக விட்டுவைத்தால், பின்னாளில் அறுந்த இடத்தை அந்த மிச்சத்தைக் கொண்டே இணைக்கலாம். கட்டடத்துக்குள் நுழையும் குழாய் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் தொட்டியில் நிறையும் நீர் குழாய் வழியே நேராக ரேக் இருக்கும் அறைக்குப் போகும்.

மரம் அடர்ந்த வளாகங்களில் பாதை தேர்வுக்குத் தனிக் கவனம் வேண்டும். கிண்டி வனப்பகுதியை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகம் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே மரங்களோடு புள்ளிமான், வெளிமான்களும் இருக்கின்றன. இத்தகைய இடத்தில் மரத்தின் நிழல்வட்டத்துக்கு வெளியே பள்ளம் வெட்ட வேண்டும். முடியாத இடத்தில் வேர்களுக்குக் கீழே கிடைமட்டத் துளையிடும் இயந்திரத்தால் குழாயைச் செலுத்த வேண்டும். தோண்டிய பள்ளத்தை இரவில் திறந்து விடக் கூடாது. பள்ளம் தோண்டும் பணியை ஜனவரி முதல் ஆகஸ்டுக்குள் முடிக்கும்படி அட்டவணை போடுவது நல்லது. அக்டோபர் தொடங்கிவிட்டால் பள்ளம் குளமாகிவிடும்.

4. ஒளியிழை: வகை, எண்ணிக்கை, இழப்பு

கட்டடங்களுக்கு இடையே ஒளியிழை மட்டுமே போக வேண்டும். தூரம் 50 மீட்டராக இருந்தாலும் செப்பு வேண்டாம். இரண்டு கட்டடங்களின் எர்த் மட்டம் ஒன்றாக இருப்பதில்லை. இடி விழும்போது அந்த வேறுபாடு செப்புக் கம்பி வழியே பாய்ந்து இரு முனையிலும் உள்ள கருவிகளை எரித்துவிடும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

ஒளியிழையில் ஒற்றைமுறை, பன்முறை என இரண்டு வகை உண்டு. ஒற்றைமுறை இழையின் உட்கரு சுமார் 9 மைக்ரான். ஓஎஸ்2 என்ற தரக்குறியுடன், மஞ்சள் நிறப் பேட்ச் கார்டோடு வரும். பன்முறை இழையின் உட்கரு 50 அல்லது 62.5 மைக்ரான். பன்முறையின் வரலாறு ஒரு பாடம். 1990-களில் பல வளாகங்கள் போட்ட 62.5 மைக்ரான் இழை அன்றைய வேகத்துக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. 10 கிகாபிட் வேகம் வந்தபோது அதே இழையில் குறுகிய அலை ஒளி 33 மீட்டர்தான் போனது. ஓஎம்3 இழையில் அந்த வேகம் 300 மீட்டரும், ஓஎம்4 இழையில் 400 மீட்டரும் போகும். 40 கிகாபிட்டில் அவையே 100, 150 மீட்டராகச் சுருங்குகின்றன. ஒற்றைமுறை இழையில் 10 கிகாபிட் 10 கிலோமீட்டர் போகிறது. அதே இழை 100 கிகாபிட்டையும் சுமக்கிறது. ஆகவே கட்டடங்களுக்கு இடையேயும், தளங்களுக்கு இடையேயும் ஒற்றைமுறை இழையையே போடுவது சரி. பன்முறை இழை ஒரே சர்வர் அறைக்குள் போதும்.

இழைகளின் எண்ணிக்கையை இப்படிக் கணக்கிடலாம். ஒரு துறைக் கட்டடத்துக்கு முதல் மையத்துக்கு 2 இழை, இரண்டாம் மையத்துக்கு 2, சிசிடிவிக்கு 2, கட்டட மேலாண்மைக் கருவிகளுக்கு 2, ஆராய்ச்சிக்கான தனி இணைப்புக்கு 4, மொத்தம் 12. இதை இரட்டிப்பாக்கி 24 இழைக் கேபிள் போட வேண்டும். நூலகம், கணினி மையம், நிர்வாகக் கட்டடம் போன்றவற்றுக்கு 48. இழை எண்ணிக்கை கூடும்போது கேபிள் விலை கொஞ்சம்தான் கூடும். இழுக்கும் கூலி கூடுவதே இல்லை.

எலித் தொல்லை உள்ள மண்ணில் நெளி எஃகுப் பட்டை சுற்றிய கவசக் கேபிள் தேவை. எஃகு மின்சாரத்தைக் கடத்துவதால், கட்டடத்தில் நுழையும் இடத்திலேயே கவசத்தை எர்த்துடன் இணைக்க வேண்டும். இடி அதிகம் விழும் திறந்த மைதானங்களில் எஃகுக்குப் பதில் கண்ணாடி நூல் கவசம் கொண்ட, உலோகமே இல்லாத கேபிளைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒளி இழப்புக் கணக்கைக் கேபிள் வாங்கும் முன்பே போட வேண்டும். எடுத்துக்காட்டாக, 1.5 கிலோமீட்டர் பாதை. இடையில் ஒரு கட்டடத்தில் பேட்ச் பேனல் வழியே கடக்கிறது. 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.4 டெசிபெல் என்றால் இழையில் 0.6 டெசிபெல். இணைப்பான் சோடிகள் 4. தரநிலையின் உச்ச அளவான 0.75 வீதம் 3.0 டெசிபெல். வெல்டிங் இணைப்புகள் 4. உச்ச அளவான 0.3 வீதம் 1.2 டெசிபெல். மொத்தம் 4.8 டெசிபெல். 10 கிகாபிட் நெடுந்தூரக் கருவிக்குத் தரநிலை அனுமதிக்கும் இழப்பு 6.2 டெசிபெல். ஆகவே இந்தப் பாதை தேறும். ஆனால் இன்னும் ஒரு கட்டடத்தில் பேட்ச் பேனல் சேர்த்தாலே எல்லையைத் தாண்டிவிடும். அங்கே பேனலைத் தவிர்த்து நேராக வெல்டிங் செய்து கடக்க வேண்டும்.

5. அறைகள்

ஒரு தள அறை சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்புக்குச் சேவை செய்யலாம். அதற்கு 3 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவுள்ள அறை தேவை. அறைகள் தளத்துக்குத் தளம் ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்தால் கேபிள் நேராக இறங்கும். தளத்தில் ஒரே அறை இருந்தால் அது நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் மறு ஓரத்துக்குக் கேபிள் எட்டாது.

கழிவறைக்குப் பக்கத்திலும் தண்ணீர்க் குழாய்க்குக் கீழும் இந்த அறை அமையக் கூடாது. மின் பேனல் அறையையோ துப்புரவுப் பொருள் கிடங்கையோ இதனுடன் சேர்க்கக் கூடாது. துறைத் தலைவரின் அறைக்குள் ரேக் இருந்தால், விடுமுறை நாளில் பழுது பார்க்கச் சாவி கிடைக்காது. அறைக்குத் தனிப் பூட்டு, 24 மணி நேரக் குளிரூட்டல், தனி மின்சுற்று, ரேக்கின் முன்னும் பின்னும் குறைந்தது 1 மீட்டர் இடம் ஆகியவை தேவை. கேபிள் தளத்தையோ சுவரையோ துளைத்துப் போகும் ஒவ்வொரு ஓட்டையையும் தீத்தடுப்புப் பசையால் அடைக்க வேண்டும்.

முதன்மை அறையை அடித்தளத்தில் வைக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தளங்கள் பல நாள் நீரில் நின்றன. தாழ்வான வளாகங்களில் முதல் மாடியே பாதுகாப்பான இடம். தரைத்தளம்தான் கிடைக்கிறது என்றால், இதுவரை கண்ட வெள்ள மட்டத்துக்கு மேலே தரையை உயர்த்திக் கட்ட வேண்டும்.

6. கட்டடத்துக்குள் செப்புக் கேபிள்

தள அறையின் பேட்ச் பேனலிலிருந்து சுவர் முனை வரை நிரந்தரக் கேபிள் 90 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கப் பேட்ச் கார்டுகளையும் சேர்த்து மொத்தம் 100 மீட்டர். இந்த அளவைக் கட்டட வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கேபிள் கூரைக்கு ஏறி, தாழ்வாரத்தில் செங்கோணமாகத் திரும்பி, சுவரில் இறங்குகிறது. வரைபடத்தில் அறையிலிருந்து நேர்த் தூரம் 60 மீட்டரைத் தாண்டும் முனைக்கு இன்னொரு தள அறை தேவைப்படும் என்று கொள்வது பாதுகாப்பு.

கேட் 6 கேபிள் 1 கிகாபிட்டை 100 மீட்டரும், 10 கிகாபிட்டைச் சாதகமான நிலையில் 55 மீட்டர் வரையும் சுமக்கும். கேட் 6ஏ கேபிள் 10 கிகாபிட்டை 100 மீட்டர் முழுவதும் சுமக்கும். மேசைக் கணினிக்கும் தொலைபேசிக்கும் கேட் 6 போதும். ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கேட் 6ஏ, அதுவும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேபிள் வேண்டும். வைஃபை கருவிகளின் வேகம் ஒவ்வொரு தலைமுறையிலும் கூடிவருகிறது. உயரமான கூரையில் மீண்டும் சாரம் கட்டி ஏறும் வேலையை இரண்டாவது கேபிள் மிச்சமாக்கும்.

வாங்கும் அளவைக் கணக்கிட எளிய வழி உண்டு. ஒரு தளத்தில் 96 முனைகள்; மிகக் கிட்டத்து முனைக்கு 12 மீட்டர், மிகத் தொலைவு முனைக்கு 68 மீட்டர். சராசரி 40 மீட்டர். அதனுடன் 10 விழுக்காடு சேர்த்தால் 44, இரு முனையிலும் விடும் மிச்சத்துக்கு 6 மீட்டர், மொத்தம் 50. ஒரு பெட்டியில் 305 மீட்டர் கேபிள் இருக்கும். ஒரு பெட்டிக்கு 6 ஓட்டம். 96 முனைக்கு 16 பெட்டி.

சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. அது எந்தத் தரநிலைக்கும் உட்பட்டதல்ல. மின்தடை அதிகம் என்பதால், கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும்போது சூடாகும். பெட்டி வழக்கத்துக்கு மாறாக இலேசாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை நிறம் தெரியும். டெண்டரில் முழுச் செப்பு என்று எழுதுவதோடு, வந்த பெட்டிகளைச் சோதித்த பிறகே இழுக்க அனுமதிக்க வேண்டும்.

பொருத்தும் வேலைக்கும் விதிகள் உண்டு. இழுக்கும் விசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது. வளைவின் ஆரம் கேபிளின் விட்டத்தைப் போல் 4 மடங்குக்குக் குறையக் கூடாது. முனையில் முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் சோடிகள் நசுங்கும். ஒட்டும் துணிநாடாவால் தளர்வாகக் கட்ட வேண்டும். மின் வயரும் நெட்வொர்க் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது. குறுக்கிடும் இடத்தில் செங்கோணமாகக் கடக்க வேண்டும். குழாயின் உட்பரப்பில் 40 விழுக்காடு வரையே கேபிளால் நிரப்பலாம்.

7. இடத்துக்கேற்ற அமைப்பு

விரிவுரைக் கூடத்தில் இட எண்ணிக்கையே கணக்கின் அடிப்படை. 240 இருக்கைக் கூடத்தில் ஒருவரிடம் செல்போனும் மடிக்கணினியுமாக 2 கருவி என்றால் 480 கருவிகள். ஒரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 80 கருவி என்று திட்டமிட்டால் 6 தேவை. மேடைக்கும் பேச்சாளர் மேசைக்கும் தனிக் கம்பி முனைகள் வேண்டும். இணையவழிக் கருத்தரங்கு நடக்கும் நாளில் மேடை வைஃபையை நம்பி இருக்கக் கூடாது.

விடுதிகளில் தாழ்வாரத்துக்கு ஒன்றாக ஆக்சஸ் பாயின்ட் மாட்டுவது வழக்கம். சமிக்ஞை தாழ்வாரத்தின் நீளத்துக்கு நன்றாகப் போகும். செங்கல் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி அறைக்குள் போகும்போது நலிந்துவிடும். குறிப்பாக 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சுவர் பெரிய தடை. ஒவ்வொரு இரண்டு அல்லது மூன்று அறைக்கு ஒன்றாக, சுவரில் பதிக்கும் சிறிய ஆக்சஸ் பாயின்ட்டை அறைக்குள்ளேயே வைப்பது பலன் தரும். அதற்கேற்ப எல்லா அறைக்கும் கேபிள் இழுத்துவிட வேண்டும்.

ஆசிரியர் குடியிருப்புக்குச் செயலற்ற ஒளி வலையமைப்பு பொருத்தமானது. ஒரு இழையை மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான் மூலம் 32 வீடுகளுக்குப் பகிரலாம். ஜிபான் முறையில் அந்த வீடுகள் 2.5 கிகாபிட் கீழிறக்க வேகத்தைப் பகிர்ந்துகொள்ளும். தெருவில் ஸ்விட்ச் பெட்டியோ பேட்டரியோ தேவையில்லை.

பட்டறைகளில் வெல்டிங் இயந்திரமும் பெரிய மோட்டாரும் மின் இரைச்சலைக் கிளப்பும். அங்கே இரும்புக் குழாயில் கவசமிட்ட கேபிளோ ஒளியிழையோ வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் அமில ஆவி முனைகளை அரிக்கும் என்பதால், ரேக் ஆய்வகத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

பழம்பெரும் கட்டடங்களைத் தனியே அணுக வேண்டும். சேப்பாக்கத்தில் 1879-இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லம் போன்றவற்றின் சுவர்களை வெட்டிக் கேபிள் பதிக்கக் கூடாது. வெளியே தெரியாத விளிம்புகளை ஒட்டி மெல்லிய ஒளியிழையைக் கொண்டுசெல்வது, மரவேலைக்குப் பின்னால் பாதை காண்பது, கழற்றினால் தடம் இல்லாத பிடிப்பான்களைப் பயன்படுத்துவது ஆகியவையே வழி. தடித்த சுவர் வைஃபையை மறிப்பதால் கூடத்துக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் தேவைப்படும். பணிக்கு முன் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு நிபுணரின் ஒப்புதல் பெற வேண்டும்.

8. மின்சாரம், எர்த், இடி

ஆக்சஸ் பாயின்ட், கேமரா, தொலைபேசி ஆகியவற்றுக்கு நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் தரும் தரநிலை 2003-இல் 15.4 வாட்டில் தொடங்கி, 2009-இல் 30 வாட்டாகி, 2018-இல் 90 வாட் வரை உயர்ந்திருக்கிறது. கேபிள்களைப் பெருங்கட்டாகக் கட்டினால் நடுவில் உள்ளவை சூடாகும்; ஒரு கட்டில் 24 கேபிளுக்கு மேல் வேண்டாம்.

யூபிஎஸ் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தளத்தில் 24 ஆக்சஸ் பாயின்ட், தலா 20 வாட், 480 வாட். ஸ்விட்சுக்கு 120. மொத்தம் 600 வாட். 4 மணி நேரம் தாங்க 2,400 வாட்-மணி. யூபிஎஸ் திறன் 85 விழுக்காடு, பேட்டரியில் 70 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்று கொண்டால், சுமார் 4,000 வாட்-மணிக் கொள்ளளவு வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 1,200 வாட்-மணி. ஆகவே 4 பேட்டரி.

இந்தியாவில் எர்த்துக்கான நடைமுறை விதி ஐஎஸ் 3043. ஒவ்வொரு அறையிலும் செப்புப் பட்டை ஒன்றைப் பொருத்தி, ரேக், கேபிள் டிரே, கேபிள் கவசம் ஆகியவற்றை அதில் இணைத்து, அந்தப் பட்டையைக் கட்டடத்தின் முதன்மை எர்த்துடன் சேர்க்க வேண்டும். நெட்வொர்க்குக்கு மட்டும் தனி எர்த் குழி தோண்டிக் கட்டட எர்த்துடன் இணைக்காமல் விடுவது ஆபத்தானது. இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்தம் கருவிகளின் வழியே பாயும். கம்பத்தில் நிற்கும் வெளிப்புறக் கேமராவுக்கு ஒளியிழையும், கம்பத்தின் அடியிலேயே மின்சாரமும் மின்னெழுச்சித் தடுப்பானும் தருவது பாதுகாப்பு.

9. சோதனை, பெயரிடல், ஒப்படைப்பு

செப்புக் கேபிள் ஒவ்வொன்றையும் சான்றளிப்புக் கருவியால் சோதித்து, கம்பி வரிசை, நீளம், இழப்பு, சோடிகளுக்கு இடையிலான குறுக்கீடு, எதிரொளிப்பு இழப்பு ஆகியவற்றின் பதிவைப் பெற வேண்டும். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் சிறு சோதனைக் கருவி இதற்குப் போதாது. கம்பி சேர்ந்திருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும், வேகத்தைத் தாங்குமா என்று சொல்லாது. ஒளியிழையை 1310, 1550 நானோமீட்டர் ஆகிய இரண்டு அலைநீளத்திலும் அளக்க வேண்டும். இழையில் எங்கே இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியால் இரு முனையிலிருந்தும் பார்க்க வேண்டும். வளைவில் நசுங்கிய இழை 1550-இல்தான் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். பயன்படுத்தாத இழைகளையும் இன்றே சோதித்தால்தான் நாளை அவை கைகொடுக்கும்.

பெயரிடும் முறையை வேலை தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். கட்டடம், தளம், அறை, பேனல், முனை என்ற வரிசையில் 'நூல்-2-அ-03-17' என்று எழுதினால், நூலகக் கட்டடம், இரண்டாம் தளம், அ அறை, மூன்றாம் பேனல், 17-ஆம் முனை என்று யாரும் படித்துக்கொள்ளலாம். துறைகளின் பெயரைக் குறியீட்டில் சேர்க்கக் கூடாது. துறைகள் இடம் மாறும், கட்டடம் மாறாது. ஒரே பெயர் கேபிளின் இரு முனையிலும், பேனலிலும், சுவர் முனையிலும் இருக்க வேண்டும். கையால் எழுதிய தாள் கோடைக்குள் உதிர்ந்துவிடும். அச்சடித்த ஒட்டுப்பட்டையே நிற்கும்.

ஒப்பந்ததாரர் தர வேண்டிய ஆவணங்கள் மூன்று: குழாயும் தொட்டியும் உண்மையில் எங்கே பதிக்கப்பட்டன என்பதை ஜிபிஎஸ் அளவுடன் காட்டும் வரைபடம், எல்லாக் கேபிள்களின் சோதனைப் பதிவு, பேனல் வாரியாக இணைப்புப் பட்டியல். பள்ளத்தை மூடும் முன் புகைப்படம் எடுக்கும் நிபந்தனையும் டெண்டரில் இருக்க வேண்டும். இவற்றை ஒப்படைத்த பிறகே இறுதித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் ஆவணம் வந்துசேரும். முழுத் தொகையும் கொடுத்த பின் கேட்டுப் பெறுவது அரிது.

10. கட்டங்களும் பராமரிப்பும்

முழுத் திட்டத்துக்கும் ஒரே ஆண்டில் நிதி கிடைக்காத வளாகங்களில், முதல் ஆண்டு வளையக் குழாய்ப் பாதையும் இரண்டு மைய அறைகளும், இரண்டாம் ஆண்டு கட்டடங்களுக்கு ஒளியிழையும் தள அறைகளும், மூன்றாம் ஆண்டு உட்புறக் கேபிளும் கருவிகளும் என்று பிரிக்கலாம். உட்புற வேலைக்குக் கோடை விடுமுறை ஏற்றது. புதிய சாலை போடும்போதும் புதிய கட்டடத்துக்கு அடித்தளம் இடும்போதும் காலிக் குழாய்களைப் பதிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் நிலையான ஆணை பிறப்பிப்பது நல்லது. எந்தத் துறையும், மின் பிரிவும் தோட்டப் பிரிவும் உட்பட, மண்ணைத் தோண்டும் முன் நெட்வொர்க் பிரிவிடம் அனுமதி பெறும் நடைமுறை வேண்டும்.

ஆண்டுதோறும் பருவமழை முடிந்ததும் எல்லாத் தொட்டிகளையும் திறந்து, நீர், எலி, உடைந்த மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காலிக் குழாயின் அடைப்பான், இழுவைக் கயிறு ஆகியவை இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பேட்டரிகளைச் சுமையேற்றிச் சோதிக்க வேண்டும். புதிதாக இழுத்த ஒவ்வொரு கேபிளும், மாற்றிய ஒவ்வொரு இணைப்பும் அதே வாரத்தில் வரைபடத்தில் ஏற வேண்டும். வரைபடத்தின் ஒரு பிரதி நெட்வொர்க் பிரிவிலும், ஒன்று கட்டடப் பொறியியல் பிரிவிலும், ஒன்று பதிவாளர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும். பணியாளர்கள் மாறினாலும் ஒப்பந்ததாரர்கள் மாறினாலும், அடுத்த 30 ஆண்டுக்கு அந்தக் குழாய்களைப் பயன்படுத்த வழி சொல்வது அந்த வரைபடம்தான்.